பாலத்துக்கு அடியில் ஒரு பெண் குரல்

கிரேக்க நாட்டுப்பாடல்களிடம் என்னை இழுத்துப் போனது டோம்னா சமியூவின் குரல். ஆசியா மைனரிலிருந்து வந்த அகதிக் குடும்பத்தில், 1928-ல் ஏதென்ஸில் பிறந்தவர் அவர். ஒலிப்பதிவுக் கருவியோடு ஊர் ஊராகப் போய், மூதாட்டிகளும் மேய்ப்பர்களும் பாடியதைச் சேகரித்தார். அவர் பாட்டில் அழகுக்காக வைத்த சங்கதி என்று எதையும் நான் கேட்டதில்லை. சொல் எவ்வளவு கேட்கிறதோ, அவ்வளவுதான் அந்தக் குரல் கொடுக்கும்.

மொழி ஓரளவு பிடிபட்டதும் பாட்டுகளின் கட்டுக்கோப்பில் மயங்கினேன். பெரும்பாலானவற்றில் அடிக்குப் பதினைந்து அசை. எட்டாவது அசையில் ஒரு நிறுத்தம், பிறகு ஏழு. பைசாந்தியக் காலத்திலிருந்து வழங்கிவரும் அளவு இது. முன்பாதி ஒன்றைச் சொல்லும். பின்பாதி பெரும்பாலும் அதையே இன்னும் ஒரு படி இறுக்கும். அடைமொழிகள் குறைவு. பறவைகள் மனிதக் குரலில் சேதி சொல்லும். மலைகள் தமக்குள் வழக்காடும். மரணம் ஹாரோஸ் என்ற பெயரோடு குதிரையேறி வரும். எதற்கும் பாட்டு வியப்பதில்லை. கண்டதைச் சொல்வது போலச் சொல்லிக்கொண்டு போகும்.

இந்தச் சொற்செட்டின் சிகரம் என்று நான் கருதுவது ஆர்ட்டா பாலத்தின் கதைப்பாடல். எபிரஸ் பகுதியில் அராக்தோஸ் ஆற்றின்மேல் அந்தக் கல்பாலம் இன்றும் நிற்கிறது. பாட்டில் 45 கொத்தனார்களும் 60 சிற்றாட்களும் பகலெல்லாம் கட்டுகிறார்கள். இரவில் எல்லாம் சரிந்துவிடுகிறது. தலைமைக் கொத்தனாரின் மனைவியைப் பலி கொடுத்தால்தான் பாலம் நிற்கும் என்கிறது ஒரு பறவை. அடித்தளத்துக்குள் வைத்து அவளை மூடும்போது, பாலம் நடுங்கட்டும், கடப்பவர்கள் விழட்டும் என்று சபிக்கிறாள். அயல்தேசம் போன உன் அண்ணன் இந்த வழியாகத் திரும்பி வரலாமே என்று நினைவூட்டுகிறார்கள். உடனே சாபத்தை மாற்றுகிறாள்: மலைகள் நடுங்கினால் மட்டும் பாலம் நடுங்கட்டும். அவள் அழுதாள் என்றோ மன்னித்தாள் என்றோ ஒரு வார்த்தை இல்லை. சாபம் மாறியதே போதும் என்று கவிஞன் விலகிக்கொள்கிறான்.

ஏதென்ஸில் எனக்கு வாடகைக்கு வீடு தந்த அம்மா எபிரஸ்காரர். கீரை ஆய்ந்துகொண்டே இதைப் பாடுவார். அடியின் பாதியில் நின்று, முதல் நாலு அசையை மறுபடி எடுத்து, நடுவே ஒரு 'அய்' சேர்த்து, அதன்பிறகே வரியை முடிப்பார். அந்தக் காத்திருப்பில் கதை கனத்துவிடும். சாபம் மாறும் இடத்திலும் அவர் குரல் ஏறவில்லை, இறங்கவில்லை.

அவருடைய மலைநாட்டில் பாட்டு கூட்டமாகவும் எழும். ஒருவர் எடுத்துக் கொடுக்க, இன்னொருவர் அதை மடக்க, மற்றவர்கள் ஒரே சுரத்தைப் பிடித்து நிற்பார்கள். ஐந்தே சுரங்கள், சுத்த தன்யாசி கேட்ட காது அங்கே வழி தவறாது. ஊர்த் திருவிழாவில் கிளாரினெட் முதலில் ஒப்பாரியைத்தான் வாசிக்கும். நடனம் அதன் பிறகுதான். இறந்தவர்களுக்கும் பிரிந்தவர்களுக்கும் உரியதைக் கொடுத்துவிட்டே கால்கள் எழும்புகின்றன.

எபிரஸின் வயலின் கலைஞர் அலெக்சிஸ் ஸூம்பாஸ் தம் ஊர் ஒப்பாரியை 1920களில் பதிவு செய்தது நியூயார்க்கில். அந்த இசைத்தட்டைக் கேட்கும்போதெல்லாம், பாலத்துக்கு அடியிலிருந்து அவள் யாருக்காகச் சாபத்தை மாற்றினாளோ, அந்த அண்ணனே பதில் வாசிப்பதாக எனக்குத் தோன்றும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகளை வெளியே அனுப்பிய ஒரு மலைநாடு, தன் துயரத்துக்கு இவ்வளவு கச்சிதமான வடிவம் கண்டதை நான் பெரும் கவித்துவ சாதனையாக மதிக்கிறேன்.