எண் 11: ஜெஃப்ரி பாவாவின் கொழும்பு வீடு

இலங்கைக் கட்டடக் கலைஞர் ஜெஃப்ரி பாவா (1919–2003) தாம் வாழ்வதற்கென அமைத்துக்கொண்ட வீடு, கொழும்பு 33வது ஒழுங்கையில் 11ஆம் எண்ணில் உள்ளது. உள்ளக வடிவமைப்பு பற்றிய இதழ்களிலும் ஒளிப்பட நூல்களிலும் அடிக்கடி இடம்பெறும் வீடு இது. வெள்ளைச் சுவர், வெள்ளைத் தரை, கடைந்த பழைய மரத்தூண்கள், சிறு நீர்த்தொட்டி, ஓவியர் டொனால்ட் பிரெண்ட் வண்ணம் தீட்டிய கதவு ஆகியவை அந்தப் படங்களில் திரும்பத் திரும்ப வருகின்றன. அவற்றைப் பார்த்துவிட்டு, வெள்ளை பூசி நாலு பழம்பொருளை வைத்தால் பாவா பாணி வந்துவிடும் என்று நினைப்பவர்கள் உண்டு.

உண்மையில் இது ஒரே மூச்சில் திட்டமிட்டுக் கட்டிய வீடே அல்ல. வரிசையாக இருந்த நான்கு சிறு வீடுகளில் ஒன்றில் 1950களின் இறுதியில் வாடகைக்குக் குடியேறிய பாவா, சுமார் பத்து ஆண்டுகளில் மற்றவற்றையும் சேர்த்துக்கொண்டார். தெருப்பக்கத்து வீடு மட்டும் பல மாடிகளாக உயர்ந்தது. நெருக்கமான வரிசை வீடுகளில் பக்கவாட்டில் சாளரம் வைக்க அதிக இடமில்லை. எனவே அவர் கூரையை ஆங்காங்கே திறந்தார். வெளிச்சம் மேலிருந்து இறங்குகிறது. சூடான காற்று மேலே போகிறது. மழையும் உள்ளே பெய்கிறது. நீண்ட நடைவழியில் நிழலும் ஒளியும் மாறி மாறி வருகின்றன. நிழலில் நடந்து வந்தவருக்குத்தான் முற்றத்தின் வெளிச்சம் வெளிச்சமாகத் தெரியும். முற்றத்தை மட்டும் எடுத்த படத்தில் அது கிடைக்காது. வீட்டின் அழகு பெரும்பாலும் இந்த நடையில்தான் இருக்கிறது.

தூண்களைப் பற்றித் தயக்கத்துடன்தான் எழுத வேண்டியுள்ளது. அவை செட்டிநாட்டிலிருந்து சென்றவை. அங்கே இத்தகைய தூண்கள் வளவைச் சுற்றி வரிசையாக நின்று கூரையைத் தாங்கும். அவற்றின் நடுவே திருமணமும் சடங்கும் நடக்கும். இங்கே நீர்த்தொட்டியருகே ஒருவர் தனியே நின்று ரசிக்கும் பொருளாகிவிட்டன. பாவாவின் கண் அவற்றுக்கு மதிப்பான இடத்தைத் தந்தது என்பதில் ஐயமில்லை. ஆனால் ஒரு வீடு பிரிக்கப்பட்டால்தான் அதன் தூண் விலைக்கு வரும். இந்தப் பாணியைப் பின்பற்றி வரவேற்பறைக்கு ஒரு காரைக்குடித் தூண் தேடுகிறவர்கள் இதை எண்ணிப் பார்ப்பதாகத் தெரியவில்லை.

பாவா 1960களின் தொடக்கத்தில் பத்திக் கலைஞர் ஈனா டி சில்வாவின் குடும்பத்துக்குக் கட்டிய கொழும்பு வீட்டையும் இதனுடன் சேர்த்துப் பார்க்கலாம். நடுமுற்றத்தைச் சுற்றி அறைகளும் தாழ்வாரங்களும் அமைந்த அவ்வீட்டில் தூண்கள் தூண்களாகவே வேலை செய்தன. பிற்காலத்தில் நிலம் கைமாறியபோது, அதன் பாகங்களைச் சந்தைக்கு விடாமல், எண்ணிட்டுக் கழற்றி, பாவாவின் தோட்டமான லுணுகங்கையில் முழு வீடாகவே மீண்டும் எழுப்பினார்கள்.