வெட்டப்பட்ட இறுதிக் காட்சி

கராச்சி நகரத் தெருவொன்றில் சிறுவர்கள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளில் வந்த இருவருள் ஒருவன் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொள்ள, வண்டி விரைந்து மறைகிறது. சற்று நேரத்தில் அதே வண்டி திரும்பி வருகிறது. குழந்தையை இறக்கிவிட்டு, ஓர் அறிவிப்பை விரித்துக் காட்டுகிறார்கள்: இந்நகரில் ஒரு குழந்தையைக் கடத்த ஒரு நொடி போதும் என்பது அதன் பொருள். 2016இல் ரோஷ்னி ஹெல்ப்லைன் என்னும் அமைப்புக்காகக் கண்காணிப்புக் கேமராவின் பதிவுபோலவே எடுக்கப்பட்ட விழிப்புணர்வுக் குறும்படம் அது.

இந்தியக் கைப்பேசிகளுக்கு வந்து சேர்ந்தபோது அதன் இறுதிக் காட்சி இல்லை. குழந்தை தூக்கப்படுகிறது, அவ்வளவுதான். அக்காணொளியும் அதையொத்த குரற்பதிவுகளும் வாட்ஸ்அப் வழியே உலவிய 2018 மே மாதத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடிப் போளூர்ப் பக்கம் சென்ற 65 வயது மூதாட்டி ஒருவர், வழியில் குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்ததற்காகப் பிள்ளை பிடிப்பவர் என்று ஐயுறப்பட்டு ஊரார் கூடி அடித்ததில் உயிரிழந்தார். அதே ஆண்டு ஜூலை 1ஆம் நாள் மராட்டியத்தின் துலே மாவட்டத்து ரெயின்பாடாவில், ஊர் ஊராகச் சென்று இரந்து வாழும் நாடோடிச் சமூகத்தார் ஐவர் கொல்லப்பட்டனர்.

இக்காணொளியை ஓர் இலக்கியப் பிரதியைப் போலவே வாசித்துப் பார்க்க வேண்டும் என்பது என் எண்ணம். அதில் பொய்யான காட்சி ஒன்றுகூட இல்லை. சேர்க்கப்பட்டது எதுவுமில்லை, நீக்கப்பட்டது மட்டுமே உண்டு. எச்சரிக்கைக்காக எழுந்த படைப்பு, முடிவை இழந்ததும் குற்றச்சாட்டாக மாறிவிட்டது. யார் மீதான குற்றச்சாட்டு? அந்த இடம் வெறுமையாக விடப்பட்டது. ஊருக்குப் புதியவர் எவரையும் அதில் வைத்துக்கொள்ளலாம்.

பேச்சுக்கலையைப் பற்றி எழுதிய அரிஸ்டாட்டில், கேட்போரை இணங்கவைக்கும் வழிகளுள் பேசுவோனது பண்பு வலியது என்றார். இங்கோ பேசுவோனே இல்லை. ஆனால் நம்பிக்கை மட்டும் குறைவதில்லை. அது சித்தியின் பெயரிலிருந்தும், பள்ளித் தோழனின் பெயரிலிருந்தும் கடனாகக் கிடைக்கிறது. நூலாசிரியன் கொள்ளத்தக்க மதங்கள் ஏழு என்கிறது நன்னூல். (மதம் என்றது இங்கே கொள்கை, சமயமன்று.) உடன்படலும் மறுத்தலும் அவற்றுள் முதலிரண்டு. பிறர் சொல்லைக் கையில் எடுப்பவன் ஏதேனும் ஒரு நிலை கொண்டாக வேண்டும். செய்தியைக் கடத்திவிடுகிறவரோ உடன்படுவதுமில்லை, மறுப்பதுமில்லை.

தமிழுக்கு ஒரு சிறு பாதுகாப்பு உண்டு. ‘ஆம்’ என்னும் ஈறு. ‘பிள்ளை பிடிக்கிறார்கள்’ என்பது வேறு; ‘பிள்ளை பிடிக்கிறார்களாம்’ என்பது வேறு. பின்னதைச் சொல்பவள், ‘நான் காணவில்லை, கேட்டது இவ்வளவே’ என்று தன் அறிவின் எல்லையை ஒரே அசையில் ஒப்புக்கொள்கிறாள். கேட்பவளும் அந்த அளவுக்கே நம்புகிறாள். கிணற்றடியிலும் தேநீர்க் கடையிலும் வதந்தி வளரத்தான் செய்தது. ஆனால் ஒவ்வொரு வாயிலும் இந்த ஐயக்குறியைச் சுமந்துகொண்டே வளர்ந்தது. விரலால் அழுத்தி அனுப்பும்போது அந்த ‘ஆம்’ உதிர்ந்துவிடுகிறது. எழுதியவன் எப்படி எழுதினானோ அப்படியே, ‘பிடிக்கிறார்கள்’ என்ற உறுதியோடு, நூறாவது கைப்பேசியிலும் போய் நிற்கிறது. போதாதற்கு ‘உடனே எல்லாருக்கும் அனுப்புங்கள்’ என்ற ஏவலும் வால்போலத் தொடர்கிறது.

2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம், கைமாறி வரும் செய்திகளின் தலையில் அவ்வாறு வந்தவை என்ற குறிப்பைச் சேர்த்தது. இந்தியாவில் ஒரே வேளையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்ப முடியாமலும் செய்தது. 2019இல் அவ்வரம்பு உலகெங்கும் விரிந்தது. உதிர்ந்த ‘ஆம்’ஐ இயந்திரத்தைக் கொண்டு ஒட்டவைக்கும் முயற்சி என்றே அந்தக் குறிப்பைக் கருதுகிறேன். ஓரளவு பயன் உண்டு. ஆயினும் மனிதக் குரலில் வரும் ஐயம் வேறு. சாம்பல் நிறச் சிற்றெழுத்தில் வரும் ஐயம் வேறு.

போளூர் நிகழ்வுக்கு நான்கு நாள் கழித்து, மே 13 அன்று, சமூகத் தொடர்பு நாள் திருஅவையில் கொண்டாடப்பட்டது. அவ்வாண்டுக்கான திருத்தந்தை பிரான்சிஸின் செய்தி பொய்ச் செய்திகளைப் பற்றியது. தொடக்க நூலின் பாம்பு பெண்ணின் நலன் நாடும் நண்பனாக நடித்து, பாதி உண்மையோடு பேச்சைத் தொடங்குவதை அது நுட்பமாக விளக்குகிறது. அந்த ‘பாதி உண்மை’ நம் காணொளிக்கு அப்படியே பொருந்தும். ஆனால் ஓரிடத்தில் எனக்குத் தயக்கம் உண்டு. பாம்புக்குத் தான் சொல்வது வஞ்சகம் என்று தெரியும். இறுதிக் காட்சியை வெட்டிய கை ஒருவேளை அத்தகையதாக இருக்கலாம். அதை அனுப்பிய ஆயிரமாயிரம் பேரோ பிள்ளைகளுக்காக அஞ்சிய பெற்றோர். அவர்களிடம் நடிப்பு இல்லை, அக்கறை மெய்யானது. பாம்பின் உவமை அவர்களைத் தொடாமல் கடந்துவிடுகிறது. அவர்களுள் எவரும் அதில் தம்மைக் கண்டுகொள்ளப் போவதில்லை.

நானும் கண்டுகொள்ளவில்லை. அந்தக் காணொளி எனக்கு இருமுறை வந்தது. நான் எவருக்கும் அனுப்பவில்லை; அதையே நெடுநாள் பெருமையாக எண்ணியிருந்தேன். இரண்டாம் முறை குழுவில் அதை இட்டவர் எனக்கு மூத்தவர், நான் பெரிதும் மதிப்பவர். ‘அண்ணா, இது எந்த ஊரில் எடுத்தது?’ என்று கேட்க ஒரு வரி போதும். அவர் மனம் நோகுமே என்று கேட்காமல் அழித்துவிட்டேன். குழுவில் ஏறத்தாழ முப்பது பேர் இருந்தோம். அன்று மாலை வரை அதன் கீழே வந்தவை கைகூப்பிய படங்கள் மட்டுமே.