சிலிப் எழுதும் மேசை

வங்கிக்குப் பயிற்சிக்கு வரும் மாணவிக்குப் பெட்டகத் திறப்புக் கிடைக்காது. கணினிக்குள் நுழையும் கடவுச்சொல் கிடைக்காது. காசு லாச்சிக்குக் கிட்டவும் விடமாட்டார்கள். மிஞ்சுவது கண். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் முகாமைத்துவம் படித்த காலத்தில், மட்டக்களப்பு வாவிக்கரையில் உள்ள கிளை ஒன்றில் உள்ளகப் பயிற்சிக்கு நின்றேன். வேலை தெரிந்தவர்கள் வேகத்தில் கடந்துபோகும் நுணுக்கங்களை, வேலை தெரியாத காரணத்தாலேயே நின்று பார்க்கக் கொடுத்துவைத்திருந்தது.

எனக்குத் தந்த இடம் சிலிப் எழுதும் மேசை. நூலில் கட்டிய பேனை, மூன்று மொழியில் அச்சடித்த சிலிப், கைநாட்டுக்கு ஒரு மைப்பெட்டி. கதவு திறக்கும்போது முதலில் நிற்பது வாவிக்கு அப்பால் உள்ள படுவான்கரை ஆட்கள்தான். 2014இல் மண்முனைப் பாலம் திறக்கும்வரை படகுப்பாதைக்குக் காத்திருந்து வாவியைக் கடந்த பழக்கமோ என்னவோ, பாலம் வந்த பிறகும் ஒரு பஸ் முந்தியே வந்துவிடுகிறார்கள்.

அவர்கள் பாஸ் புத்தகத்தை வெளியே எடுக்கும் அழகைப் பார்க்க வேண்டும். முதலில் சொப்பின் பை. அதற்குள் மடித்த லேஞ்சி. லேஞ்சிக்குள் இன்னொரு பை, அதன் வாயில் ரப்பர் பட்டி. பட்டியைக் கழற்றினால் புத்தகம், புத்தகத்துக்குள் அடையாள அட்டை. கழற்றிய பட்டி மணிக்கட்டில் ஏறும், போகும்போது அதே ஒழுங்கில் சுற்ற வேண்டுமே! இவ்வளவு பத்திரம் ஏன் என்று கேட்கத் தேவையில்லாத ஊர் இது. 1978 நவம்பரில் சூறாவளி கூரைகளைத் தூக்கி எறிந்தது. பிறகு யுத்தம் ஆட்களை ஊர் ஊராய் எழுப்பியது. 2004 டிசம்பர் 26 அன்று கல்லடி, நாவலடிப் பக்கம் கடல் வந்து வீட்டோடு அலுமாரியையும் கொண்டுபோனது. கையில் தாள் இருந்தவர் தன்னை இன்னார் என்று காட்டினார். இல்லாதவர் கந்தோர் கந்தோராய் அலைந்தார். அந்த அலைச்சலைக் கண்ட வீடுகளில் புத்தகம் மூன்று சுற்றுக்குள்தான் இருக்கும்.

"புள்ள, இத ஒருக்கா எழுதித் தா" என்று அட்டையும் புத்தகமும் என் பக்கம் நீளும். அடையாள அட்டை இலக்கத்தை வாசிக்கப் பழக்கியவர் அங்கே நெடுங்காலம் இருந்த ஓர் அக்கா. பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும். முதல் இரண்டு இலக்கம் பிறந்த வருசம். அடுத்த மூன்றும், அந்த வருசத்தில் எத்தனையாவது நாள் என்பது. பெண் என்றால் அந்த நாளோடு ஐந்நூறைக் கூட்டியிருக்கும். 58514 என்று தொடங்கினால், 1958 ஜனவரி 14இல் பிறந்த பெண். 2016இலிருந்து வரும் பன்னிரண்டு இலக்க அட்டையில் வருசம் நான்கு இலக்கமாக விரிந்ததே தவிர, கணக்கு அதேதான். இதைக் கற்ற நாளிலிருந்து வரிசை முழுவதும் தன் வயதைச் சொல்லாமல் சொல்லிக்கொண்டு நின்றது. "பொங்கலோட பிறந்த ஆளா அம்மா நீங்க?" என்று ஒருவரிடம் கேட்டுவிட்டேன். "ஆரு புள்ள உனக்குச் சொன்ன?" என்றார், முகமெல்லாம் சிரிப்பு.

"எவ்வளவு எடுக்கப் போறீங்க?" என்று கேட்பதில் ஒரு முறை இருக்கிறது. சத்தமாகக் கேட்டால் பின்னால் நிற்கும் அயலாருக்கு ஒரு குடும்பத்தின் கதை தெரிந்துவிடும். அக்கா கேட்கவே மாட்டார். வெற்றுச் சிலிப் ஒன்றை ஆளின் பக்கம் திருப்பி வைத்து, பேனையைக் கையில் கொடுப்பார். எழுதத் தெரிந்தவர் இலக்கத்தை மட்டும் எழுதுவார். தெரியாதவர் மேசையில் விரலால் கோடு போட்டுக் காட்டுவார். எழுத்தில் எழுதும் வரியை அக்கா நிரப்புவார். தொகை யார் வாயிலிருந்தும் வராமலே காசாளரின் கைக்குப் போய்விடும்.

கையெழுத்தில் எத்தனை நயம்! மாதிரிக் கையெழுத்து அட்டையில் இருபது வருசத்துக்கு முன் போட்ட வளைவு, இன்று நடுங்கி வருகிறது. ஆனால் பேனை எங்கே தொடங்கியது, எந்த எழுத்தில் நின்று மூச்சு வாங்கியது என்பது மாறுவதில்லை. அலுவலரின் கண் அந்த நிற்கும் இடத்தைத்தான் தேடுகிறது. கைநாட்டுக்காரரின் இடது பெருவிரலை நான் மையில் ஒற்றிப் பிடிப்பேன். அழுத்தினால் கறுப்புப் பொட்டாகிவிடும். ஒரு கரையிலிருந்து மறுகரைக்கு மெல்ல உருட்ட வேண்டும். வாவியில் வலை இழுத்த விரல்களில் ரேகை தேய்ந்துபோயிருக்கும். உருட்டி எடுத்தாலும் நடுவில் வெறுமையாக ஒரு திட்டு விழும். அந்தத் திட்டே அந்த மனிதருக்கு அடையாளம். சாட்சிக் கையெழுத்துக்கு ஆள் வரும்வரை அவர் விரலை வேட்டியில் துடைக்காமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு நிற்பார்.

கதவு சாத்திய பிறகு காசாளர் தாள் அடுக்குவதைப் பார்ப்பேன். தாளைத் தொட்டதும் அது எங்கிருந்து வந்தது என்று அவருக்குத் தெரியும். மீன் சந்தைத் தாள் கையில் ஒட்டும். நெல்லாலைத் தாளை உதறினால் தவிட்டுத் தூள் பறக்கும். காத்தான்குடிக் கடைக்காரர் கொண்டுவரும் கட்டில் எல்லாத் தாளும் ஏற்கெனவே ஒரே முகம் பார்த்து இருக்கும், வங்கிக்காரருக்கு மேலான வங்கிக்காரர்கள். ஐம்பது ரூபாய்த் தாள் வந்தால் எனக்குக் கை நிற்கும். 2011இல் புழக்கத்துக்கு வந்த அந்த வரிசையில், ஐம்பதின் முகத்தில் இருப்பது மன்னம்பிட்டிப் பாலம். பொலன்னறுவை வழியாகக் கொழும்புக்குப் போகும் மட்டக்களப்பார் மகாவலியைக் கடக்கும் இடம் அது. பின்பக்கத்தைப் பார்க்கத் தாளை நிமிர்த்திப் பிடிக்க வேண்டும், ஆடுபவரும் மேளகாரரும் அங்கே நிற்பார்கள். உயரம் எல்லாத் தாளுக்கும் ஒன்றுதான், மதிப்பு ஏற ஏற நீளம் கூடும். ஓரத்தில் புடைத்த சின்னப் புள்ளிகள், பார்வையற்றவரின் விரலுக்காக. என் சொந்தத் தாளை எடுத்துக் கண்ணை மூடித் தடவிப் பார்த்தேன். பல வருசம் கையில் புரண்ட காசு, அன்றுதான் பிடிபட்டது.

இத்தனையிலும் கனம் கூடிய இடம் அடகுப் பகுதி. இந்தப் பக்கம் சீதன வீடு பெண்ணின் பேரில், நகையும் பெண்ணின் கழுத்தில். வெள்ளாமைக்கு முதல் போடுவது பெரும்பாலும் அந்தக் கழுத்துத்தான். ஐப்பசி மழையைப் பார்த்துப் பெரும்போக விதைப்புத் தொடங்கும்போது காப்பும் சங்கிலியும் உள்ளே வரும். மாசி, பங்குனியில் வெட்டு முடிய வெளியே போகும். வாவிக்கு அப்பால் வயல் எந்தப் பருவத்தில் நிற்கிறது என்பதை அந்தப் பகுதியின் வரிசை நீளத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். தாலிக்கொடியை அடகு வைக்க வரும் பெண் தாலியை முன்கூட்டியே கழற்றி மஞ்சள் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். வெறுங்கொடி மட்டும் தட்டில் விழும். அலுவலர் அதைத் தட்டிலிருந்து எடுக்கும்போது எப்போதும் வலக் கையால்தான் எடுப்பார். அப்படி ஒரு விதி சுற்றறிக்கை எதிலும் இல்லை.

எடுத்ததும் உரைகல். கறுப்புக் கல்லில் ஒரு சின்ன இழுப்பு, மேலே ஒரு துளி அமிலம், இழுப்பு நிற்கிறதா கரைகிறதா என்று ஒரு கூர்ந்த பார்வை. பிறகு தராசு. எட்டுக் கிராம் ஒரு பவுண், கல்லும் அரக்கும் கழித்து எடை. எல்லாம் அந்தப் பெண்ணின் கண்ணுக்கு முன்னால். தராசின் இலக்கம் அவர் பக்கமும் தெரிய வேண்டும். பொட்டலத்தை ஒட்டி, ஒட்டின் மேல் கையொப்பம் வாங்கி, அதன் பிறகே உள்ளே போகும். "வெட்டு முடிய எடுத்திருவன் மிஸ்" என்று யாரும் கேட்காமலே சொல்லிவிட்டுப் போவார்.

"இங்க ஆரையும் நம்பக் கூடா. அது அவங்களுக்குத் தெரியவும் கூடா." அக்கா சொன்ன இந்த வாக்கியம் முதலில் எனக்குக் கசந்தது. பிறகு பெட்டகம் பூட்டுவதைப் பார்த்தேன். இரண்டு திறப்பு, இரண்டு ஆள். முகாமையாளராக இருந்தாலும் ஒருவர் தனியே திறக்க முடியாது. காசாளர் எண்ணிய தாளை இன்னொருவர் மறுகா எண்ணுகிறார், சதக் கணக்குக்கூட ஒத்துவராமல் யாரும் வீட்டுக்குப் போவதில்லை. படுவான்கரைக் கிழவியின் கைநாட்டுக்குச் சாட்சி கேட்கும் அதே இடம், முகாமையாளரின் திறப்புக்கும் சாட்சி கேட்கிறது. ஒருவரை மட்டும் சந்தேகித்தால் அது அவமானம். எல்லோரையும் ஒரே அளவில் சந்தேகித்தால் அது மரியாதையாகிவிடுகிறது. சாதி, குடி, கோயில் முறை, சம்பளம் என்று ஆளுக்கு ஆள் அளவு மாறும் ஊரில், இந்தச் சமத்துவம் எனக்குப் பெரிதாகப் பட்டது.

அதற்கு எதிர்ப்பக்கத்தில் நிற்பது, மூன்று சுற்றுக்குள் காத்த புத்தகத்தை முன்பின் தெரியாத பிள்ளையிடம் விரித்து நீட்டும் நம்பிக்கை. அளந்து சந்தேகிக்கும் வங்கியும் அளக்காமல் நம்பும் ஊரும் சந்திக்கும் இடம் அந்தச் சிலிப் மேசைதான். இரண்டுக்கும் இடையில் உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது கணக்கறிவைவிடக் கொஞ்சம் கூடுதலான ஒன்று.

பயிற்சி முடிய எழுதிய அறிக்கையில் வைப்பு, கடன், வட்டி வீதம் எல்லாம் உண்டு. இங்கே சொன்னவை ஒன்றுக்கும் அதில் தலைப்பு இல்லை. இப்போது கைத்தொலைபேசியில் கியூஆர் காட்டிக் காசு அனுப்புகிறார்கள், சிலிப் குறைந்துவருகிறது, சரிபார்ப்பெல்லாம் இயந்திரத்துக்குள் போய்விட்டது. குறை சொல்ல ஒன்றுமில்லை. சமமாகச் சந்தேகிக்கும் வேலையை இயந்திரம் நம்மைவிடத் திறமாகச் செய்யும். வெற்றுச் சிலிப்பை ஆளின் பக்கம் திருப்பி வைப்பதற்கு இன்னும் ஆள்தான் வேண்டும். ஆகவே கிளை முகாமையாளர்களுக்கு ஒரு வேண்டுகோள்: பயிற்சிக்கு வரும் பிள்ளையைக் கோப்பு அடுக்கும் அறைக்கு அனுப்பாதீர்கள். முதல் கிழமை சிலிப் மேசையில் இருத்துங்கள். மற்றதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது.