கணினிச் சித்திரக்கதையில் ரெண்டரிங்கும் செயற்கை நுண்ணறிவும்: ஒரு திறனாய்வு

கணினியில் சித்திரக்கதை உருவாக்குவது புதிதன்று. 1985இல் அமெரிக்காவில் வெளிவந்த ‘ஷேட்டர்’ கதைக்கு மைக் சாயன்ஸ் மெக்கின்டாஷ் கணினியில் படம் வரைந்தார். 1990இல் பெப்பே மொரீனோ ‘பேட்மேன்: டிஜிட்டல் ஜஸ்டிஸ்’ நூலைக் கணினிப் படங்களாலேயே அமைத்தார். ஆகவே, கணினிப் படம் கலையாகுமா என்று இன்று கேட்பதில் பயனில்லை. கட்டத்துக்குள் எது இருக்க வேண்டும் என்று முடிவு செய்தவர் யார் என்றே கேட்க வேண்டும்.

இரு முறைகளும் இயங்கும் விதம்

பிளெண்டர், டாஸ் ஸ்டூடியோ போன்ற ரெண்டரிங் மென்பொருள்களில் முதலில் பாத்திரத்தின் முப்பரிமாண உருவம் தயாராகிறது. அது நிற்கும் நிலை, விளக்கின் திசை, கேமராவின் கோணம் ஆகியவற்றைப் படைப்பாளி குறிக்கிறார். ஒளியும் நிழலும் விழும் இடங்களைக் கணினி கணக்கிட்டுப் படமாக்குகிறது. உருவத்தை மாற்றாதவரை நூறாவது கட்டத்திலும் அதே முகம், அதே சட்டைப் பொத்தான்.

மிட்ஜர்னி போன்ற செயற்கை நுண்ணறிவுக் கருவிக்கு நாம் சொற்களைத் தருகிறோம். அது தாறுமாறான புள்ளிகளில் தொடங்கி, ஏராளமான படங்களிலிருந்து கற்றதைக் கொண்டு ஓர் உருவத்தைப் படிப்படியாகத் தெளிவாக்குகிறது. அதே சொற்களை மீண்டும் கொடுத்தால் வேறு படம் வரலாம். மாதிரிப் படத்தைக் காட்டி முகத்தைத் தக்கவைக்கும் வசதி பின்னர் வந்தது. ஆனாலும் பாத்திரத்தின் கைக்குடை அடுத்த கட்டத்தில் நிறம் மாறிவிடலாம். தனிப்படத்தில் இது பொருட்டன்று. சித்திரக்கதையில் வாசகர் இரு கட்டங்களுக்கிடையே எது மாறியது என்று பார்த்தே கதையை அறிகிறார். காரணமின்றி மாறிய குடை அவரை ஏமாற்றுகிறது.

‘ஸார்யா ஆஃப் த டான்’

கிறிஸ் கஷ்டனோவா மிட்ஜர்னி படங்களைக் கொண்டு உருவாக்கிய இக்கதை, 2022 செப்டம்பரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகத்தில் பதிவானது. நாயகியின் முகம் நடிகை ஸெண்டேயாவை நினைவூட்டுகிறது. எல்லோருக்கும் தெரிந்த ஒரு முகத்தின் சாயல், படைப்பாளி புனைந்த முகத்துக்கு ஈடாகாது.

மறுஆய்வு செய்த அலுவலகம் 2023 பிப்ரவரி 21 அன்று முடிவை அறிவித்தது. கதையின் எழுத்துக்கும், சொற்களையும் படங்களையும் தேர்ந்து அடுக்கிய முறைக்கும் பதிப்புரிமை உண்டு; மிட்ஜர்னி தந்த தனித்தனிப் படங்களுக்கு இல்லை. என்ன படம் வரும் என்பதைச் சொற்களைத் தருபவரால் முன்கூட்டித் தீர்மானிக்க முடியாது என்பதே காரணம். கட்டளையைப் பலமுறை திருத்துவதும் உழைப்புத்தானே என்று கேட்கலாம். உழைப்புத்தான், ஆனால் அது தேர்ந்தெடுப்பவரின் உழைப்பு, வரைபவரின் உழைப்பன்று.

ரெண்டரிங்கின் குறைகள்

இதனால் ரெண்டரிங் படங்கள் யாவும் சிறந்தவை என்று ஆகிவிடாது. விலைக்கு வாங்கிய உருவங்களை அப்படியே நிறுத்தினால் எல்லாக் கதைகளிலும் ஒரே பொம்மை முகம்தான் தெரியும். நிழல் கணக்குப்படி சரியாக விழும். கோபமோ அழுகையோ முகத்தில் ஏறாது. கோட்டுச் சித்திரத்தின் உயிரான மிகைப்படுத்தல் இங்கு எளிதில் வருவதில்லை. மழை, மூடுபனி, பாழடைந்த நகரம் போன்ற சூழலை நொடியில் காட்டுவதில் செயற்கை நுண்ணறிவே முந்துகிறது.

ஒப்புதல் என்னும் கேள்வி

அந்த வேகத்துக்கு மூலதனம் பிறர் வரைந்த படங்கள். சித்திரக்கதைக் கலைஞர் சாரா ஆண்டர்சன் உள்ளிட்ட மூவர் 2023 ஜனவரியில் ஸ்டெபிலிட்டி ஏஐ, மிட்ஜர்னி முதலிய நிறுவனங்கள்மீது வழக்குத் தொடுத்தனர். அதற்குச் சற்று முன்பு, படம் உருவாக்கும் கருவியைச் சேர்க்கப்போவதாக அறிவித்த கிளிப் ஸ்டூடியோ பெயின்ட், பயன்படுத்துவோரின் எதிர்ப்பால் 2022 டிசம்பரில் அதைக் கைவிட்டது. அதை எதிர்த்தவர்கள் அன்றாடம் கணினியில் வரைபவர்கள். எனவே அதைக் கணினி மீதான அச்சம் என்று தள்ளிவிட முடியாது.

மதிப்பீடு

சித்திரக்கதை வரையத் தொடங்கும் மாணவர்கள் சூழலைக் கற்பனை செய்து பார்க்கச் செயற்கை நுண்ணறிவைப் பயன்படுத்தலாம். முதன்மைப் பாத்திரத்தை மட்டும் தாமே உருவாக்க வேண்டும், பென்சிலிலோ பிளெண்டரிலோ. ‘இந்தக் கட்டத்தில் இவள் ஏன் தலை குனிந்திருக்கிறாள்?’ என்று வாசகர் கேட்டால், பதில் சொல்லக்கூடியவரே அக்கதையின் ஆசிரியர்.