குற்றாலச் சாரலின் அளவு
தென்மேற்குப் பருவக்காற்று ஆரியங்காவுக் கணவாய் வழியே கிழக்கே இறங்கும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையிலான காலமே குற்றாலத்தின் சீசன் ஆகும். அப்போது பெய்யும் நுண்தூறலாகிய சாரல், காற்றில் சாய்ந்து பறப்பதால், மழைமானிக்கு முழுமையாக அகப்படுவதில்லை. முந்தைய 24 மணி நேர மழையைக் காலை 8.30 மணிக்கு மில்லிமீட்டரில், அதாவது ஒரு சதுர மீட்டர் பரப்பில் ஒரு லிட்டர் நீர் என்னும் கணக்கில், குறிக்கின்றனர். மலையடியிலுள்ள குண்டாறு, அடவிநயினார் அணைப்பகுதிகளின் அளவும் தென்காசி நகரின் அளவும் நாளிதழில் அருகருகே அச்சாகும்போது, சில கிலோமீட்டர் தொலைவுக்குள் மழை மெலியும் விதம் புலப்படுவதால், அச்சிறு பட்டியல் தலைப்புச் செய்தியினும் சுவையானது. ஆயினும் ஆண்டு மொத்தத்தைக் கொண்டு சீசனை மதிப்பிடுவது பிழையாகும். தென்காசிச் சமவெளிக்கு மழையின் பெரும்பங்கைத் தருவது அக்டோபரில் தொடங்கும் வடகிழக்குப் பருவமே.