ஓரெழுத்து மாறிய தலைப்பு

சாய்ந்தமருது தீரன் ஆர். எம். நௌஷாதின் நாவல்களைப் பேச்சுவழக்கின் களஞ்சியமெனப் பாராட்டி அமைவோர் பலர். அது போதாது. ‘நட்டுமை’யின் (2009) மொழி உழவர் மொழி, சம்மாந்துறை வட்டைகளில் நடந்த எமக்கு அகராதி வேண்டுவதில்லை.

‘கொல்வதெழுதல் 90’ (2013) வேறு. பள்ளிச் சிறுவரின் ‘சொல்வதெழுதல்’ ஓரெழுத்து மாறித் தலைப்பாயிற்று. பிறர் சொல்வதையே சிறுவன் எழுதுவான். காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தோர் கொல்லப்பட்ட 1990இல், கிழக்கிலங்கை முஸ்லிம்களின் வாழ்வையும் கொலையே சொல்லி எழுதுவித்தது என்பது தலைப்பின் குறிப்பு. இதனை முற்றும் ஏற்பதற்கில்லை. நாவலின் நடையே இதற்கு இடந்தரவில்லை. அச்சத்தின் நடுவிலும் எள்ளி நகையாடும் அந்த ஊர்ப்பேச்சு எவரும் சொல்லக் கேட்டு எழுதியதன்று. வழக்குச்சொற்களை மட்டும் எண்ணிக்கொண்டிருப்போர் தவறவிடுவது இதனையே.