பேர்க்ளியின் கருத்துமுதல்வாதம்: ஒரு மதிப்பீடு

மெய்யியலாளருள் ஜோர்ஜ் பேர்க்ளியைப் (1685–1753) போல் எளிதில் எள்ளி நகையாடப்பட்டோர் சிலரே. அவர் மறைந்து பத்தாண்டுகளின் பின், 1763இல், சாமுவேல் ஜோன்சன் பெருங்கல்லொன்றைக் காலால் உதைத்து, அதுவே தமது மறுப்பு எனக் காட்டினார். அம்மறுப்புப் பேர்க்ளியைத் தீண்டவில்லை. கல்லின் கடினம், வடிவம், காலில் எழும் நோவு யாவும் புலக்காட்சிக்கு உட்பட்டவையே. அவற்றை அவர் மறுத்தாரல்லர். அவற்றின் பின்னால், எவராலும் உணரப்படாது நிற்பதாகக் கூறப்பட்ட சடப்பொருளையே மறுத்தார்.

அயர்லாந்தின் கில்கெனிப் பகுதியில் பிறந்து, டப்ளின் திரித்துவக் கல்லூரியில் பயின்ற பேர்க்ளி, 1710இல் ‘மனித அறிவின் மூலதத்துவங்கள்’ என்ற நூலையும் 1713இல் ‘மூன்று உரையாடல்கள்’ என்ற நூலையும் வெளியிட்டார். முப்பது வயதை எட்டுமுன்னரே அவர்தம் கோட்பாடு உருப்பெற்றுவிட்டது. பொருள்களின் உண்மை உணரப்படுதலே, உணர்வது ஆன்மா, நாம் காணாதவிடத்தும் அவை இறைவனின் உளத்தில் நிலைபெறுகின்றன என்பன அதன் சாரம்.

எனின், இக்கோட்பாட்டின் நலிவு யாது? உணரப்படாத சடம் ஏற்கத்தகாததெனின், அவ்வாறே உணரப்படாத ஆன்மாவை ஏற்பதெங்ஙனம்? 1734ஆம் ஆண்டுப் பதிப்புகளில் பேர்க்ளியே இவ்வினாவை எதிர்கொண்டார். ஆன்மாவைப் பற்றி நமக்குக் ‘கருத்து’ இல்லை, ‘எண்ணக்கரு’ உண்டு என்றார். செயலாற்றும் தன்னை ஒவ்வொருவனும் நேரே அறிகிறான் என்றும் வாதிட்டார். ஆயினும், அறியப்படுவது செயலா, அதன்பின் நிலைத்து நிற்கும் பொருளா என்ற ஐயம் தீரவில்லை. சடவாதிக்கு மறுத்த சலுகையை அவர் தமக்கு வழங்கிக்கொண்டார் என்றே கூறவேண்டும். 1739இல் டேவிட் ஹியூம் ஆன்மாவையும் அதே அளவுகோலால் அளக்கத் தலைப்பட்டார்.

பெர்மியூடாவில் கல்லூரி நிறுவக் கருதி, 1729 தொடக்கம் 1731 வரை பேர்க்ளி வட அமெரிக்காவின் நியூபோர்ட்டில் தங்கினார். பாராளுமன்றம் வாக்களித்த பணம் வந்து சேராமையால் அத்திட்டம் கைவிடப்பட்டது. அங்கு அவர் அடிமைகளை விலைக்கு வாங்கினார். ஞானஸ்நானம் பெறுவது அடிமைநிலைக்கு முரணன்று எனவும் கருதினார். இக்காரணத்தால் 2023இல் அவர் பயின்ற கல்லூரி தன் நூலகத்திலிருந்து அவரது பெயரை நீக்கத் தீர்மானித்தது.

வாழ்வின் இழுக்கைக் காட்டித் தருக்கத்தை வீழ்த்த முனைவதும் ஜோன்சனின் உதையை ஒத்ததே. எனினும், செயலாற்றவல்லது ஆன்மாவொன்றே என்று போதித்தவர், அத்தகைய ஆன்மாக்களைத் தம் உடைமையாகக் கொண்டமை அவருடைய ஆன்மக் கொள்கையை மீளவும் வினாவுட்படுத்துகின்றது. நூலில் விளக்கம் குன்றிய அதே இடமே வாழ்விலும் குன்றியது. பேர்க்ளியைக் கற்போர் கல்லை விடுத்து இவ்விடத்தையே ஆராய்தல் வேண்டும்.